கள்ளக்குறிச்சி டீசலுக்கும் மணலிக்கும் என்ன தொடர்பு? 1969-ல் தொடங்கிய ஆலையில் மாறியது என்ன, மாறாதது என்ன?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்பாகட்டும், கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டராகட்டும், டீசல் இல்லாமல் நகராது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. ஆனால் உளுந்தூர்பேட்டை அருகே ஆசனூரில் இந்தியன் ஆயிலின் எரிபொருள் முனையம் இருக்கிறது. சென்னை மணலியில் இருந்து திருச்சி, மதுரைக்குப் போகும் குழாய்ப் பாதையில்தான் அது வருகிறது. அதனால் மணலி ஆலையின் கதை இந்தப் பக்கத்து மக்களுக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

குடியிருந்துகொண்டே மாடி எடுத்த கதை

1965-ல் மத்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கியது மெட்ராஸ் ரிஃபைனரீஸ். 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியபோது திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இப்போது பெயர் சிபிசிஎல், திறன் 1.05 கோடி டன்.

பழையதை இடித்துவிட்டுப் புதுசா கட்டினார்களா? இல்லை. பழைய யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதிய யூனிட்டுகள் எழுந்தன. கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பிரிக்கும் உலையை நினைத்தபோதெல்லாம் அணைத்து ஏற்ற முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு பகுதியாக நிறுத்தித்தான் பராமரிப்பு நடக்கும்.

பெரிய நெருக்கடி கந்தகத்தால் வந்தது. வளைகுடா கச்சா எண்ணெயில் கந்தகம் அதிகம். பிஎஸ்-4 டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் அமலான பிஎஸ்-6 விதியில் வெறும் 10 பங்குதான். இதற்கு டீசலை அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்துக் கந்தகத்தைப் பிரிக்க வேண்டும். பழைய ஆலைகளுக்கு இது லேசான செலவு இல்லை.

நாகப்பட்டினம் பனங்குடியில் 1993-ல் தொடங்கிய இதே நிறுவனத்தின் சின்ன ஆலை இந்தப் பந்தயத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. அதை மூடிவிட்டு, 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நிலம் கொடுத்தவர்கள் மறுவாழ்வு இழப்பீடு கேட்டு 2024-ல் போராட வேண்டியிருந்தது.

அப்போ மணலி தப்பித்துவிட்டதா?

டீசலைப் பொறுத்தவரை, ஆமாம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்தன. குழாயில் கசிவு இல்லை என்றது சிபிசிஎல். ஆலை வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதவில்லை என்றது மாசு கட்டுப்பாட்டு வாரியம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கந்தக அளவு தாண்டிய டீசலை விற்கவே முடியாது, அதனால் அதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். மழைநீர் வாய்க்கால் சரியில்லை என்றாலும் டீசல் விற்பனை நிற்காது. ஆலையை நவீனமாக்குகிறோம் என்று சொல்லும்போது, வாசலுக்கு வெளியே போகும் தண்ணீரும் அந்தக் கணக்கில் வர வேண்டாமா?

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. அதிகம் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், படகு சீரமைக்க 10,000 ரூபாயும் தமிழக அரசு அறிவித்தது.