அகத்தியமலையைச் சுற்றி ஒரு மிதிவண்டிப் பாதை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டிகள் நடைபெற்றன. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் வாய்ப்பையும் உள்ளடக்கியிருந்த அந்தப் போட்டிகள், தென்கேரள மலைச்சரிவுகள் உலகத் தரத்திலான மிதிவண்டி ஓட்டத்துக்கு ஏற்றவை என்பதை உறுதிப்படுத்தின. எனினும், போட்டிக்காகத் தடம் அமைப்பதும், துணிமணிகளையும் கருவிகளையும் வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நாள்கணக்கில் செல்லும் நெடும்பயணிகளுக்காகப் பாதை அமைப்பதும் வெவ்வேறு பணிகள். முன்னது சில நாள்களில் முடிந்துவிடும். பின்னது சாலை, காவல், வனம், ரயில், உள்ளாட்சி ஆகிய துறைகள் ஆண்டு முழுவதும் ஒத்துழைத்தால் மட்டுமே நிலைபெறும். அந்தப் பணிக்கு மிகப் பொருத்தமான நிலப்பரப்பு திருவனந்தபுரத்தின் கிழக்கெல்லையிலேயே இருந்தும், கேரள, தமிழக அரசுகளின் உரிய கவனத்தை அது இன்னும் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையை நடுவில் கொண்ட மலைத்தொகுதிக்கு வடக்கே ஆரியங்காவுக் கணவாயும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் அமைந்துள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே மலையைக் குறுக்காகக் கடக்கும் பொதுச் சாலை எதுவும் இல்லை. எனவே இரு கணவாய்களையும் இணைத்தால் மலையை முழுமையாக வலம்வரும் வட்டப் பாதை கிடைக்கிறது. திருவனந்தபுரத்தில் புறப்பட்டு நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை வழியாக ஆரியங்காவை அடைந்து, செங்கோட்டையில் இறங்கி, தென்காசி, அம்பாசமுத்திரம், களக்காடு, பணகுடி எனக் கிழக்கு அடிவாரத்தை ஒட்டித் தெற்கே சென்று, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வழியாகத் தலைநகருக்குத் திரும்பும் அந்த வட்டம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் நாகர்கோவிலும் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சிக்கு உட்பட்டிருந்தன என்பதால், மொழிவாரி மாநில எல்லை குறுக்கிட்ட பிறகும் இவ்வூர்களுக்கு இடையே உறவும் வணிகமும் அறுபடவில்லை.

கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் இவ்விரு கணவாய்களும் தாழ்வானவையே. ஆயினும் மிதிவண்டிப் பயணத்தின் கடினத்தைக் கணவாயின் உயரத்தைக் கொண்டு அளப்பது தவறான முறை. வழிநெடுகிலும் ஏறிய ஏற்றங்கள் அனைத்தையும், இடையில் இறங்கியவற்றைக் கழிக்காமல் கூட்டி வரும் ‘மொத்த ஏற்றம்’ என்பதே சரியான அளவுகோல். நெடுமங்காட்டிலிருந்து குளத்துப்புழை வரையிலான சாலை ரப்பர்த் தோட்டக் குன்றுகளில் ஏறுவதும், வாமனபுரம் ஆறு போன்ற நீரோட்டங்களைக் கடக்க இறங்குவதும், மீண்டும் ஏறுவதுமாகச் செல்வதால், இங்கே கால்களுக்கு ஓய்வு குறைவு. அத்துடன் சாய்வையும் கருத வேண்டும். கிடைமட்டமாக 100 மீட்டர் செல்லும்போது 7 மீட்டர் உயர்ந்தால் அது 7 விழுக்காட்டுச் சாய்வு எனப்படும். மலைப்பகுதிச் சாலைகளுக்கு 5 விழுக்காட்டை இயல்பான வரம்பாகவும் 7 விழுக்காட்டைத் தவிர்க்கவியலாத இடங்களுக்கு மட்டுமான வரம்பாகவும் இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ளது. பழைய மலைச்சாலைகளின் உள்வளைவுகள் பல இந்த வரம்புகளுக்குள் அடங்குவதில்லை.

உயரமான ஏற்றத்தை நாடுவோருக்குச் சுள்ளிமானூரில் பிரிந்து விதுரை, கல்லாறு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் கிளைப்பாதை இருக்கிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்த மலைச்சாலை கோரும் உழைப்பைக் கணக்கிட்டே அறியலாம். பயணி, வண்டி, சுமை ஆகியவற்றின் எடை சேர்ந்து 90 கிலோ என்று கொண்டால், அதை 1,000 மீட்டர் உயர்த்தப் புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் சுமார் 880 கிலோஜூல் ஆற்றல் தேவைப்படும். இடைவிடாமல் 150 வாட் திறனைச் செலுத்தக்கூடிய, ஓரளவு பயிற்சி பெற்ற ஒருவருக்கே அதற்கு 98 நிமிடங்கள் ஆகும். இறக்கத்தில் இந்த ஆற்றலில் காற்றின் தடை எடுத்துக்கொள்வது போக எஞ்சியது பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக வெளியேற வேண்டியிருப்பதால், ஏறுவதற்கு வேண்டிய சிறிய கியரைப் போலவே இறங்குவதற்கு வேண்டிய நல்ல பிரேக்கும் இன்றியமையாதது.

இந்த வட்டத்தில் காற்றும் ஒரு மலைக்குச் சமம். தென்மேற்குப் பருவக்காலத்தில், மலை தடுத்து நிறுத்தும் மேற்குக் காற்று இரு கணவாய்களின் வழியே நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. குற்றாலத்துச் சாரலும் முப்பந்தல் காற்றாலைகளும் அதனால் உண்டானவையே. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியில் மேற்கு நோக்கி மிதிப்பது சமதளத்திலும் பெரும்பாடு என்பதால், அம்மாதங்களில் நாகர்கோவில் வழியாகக் கிழக்கே சென்று ஆரியங்காவு வழியாகத் திரும்பும் இடஞ்சுழிப் பயணமே அறிவுடையது. வடகிழக்குக் காற்று வீசும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வலஞ்சுழியாகச் சென்றால், ஆரல்வாய்மொழியில் காற்று முதுகுப்புறமிருந்து துணைநிற்கும். இத்தகைய அடிப்படைத் தகவலைக்கூட வழியிலுள்ள எந்தப் பலகையும் சொல்லாத நிலையே மாற வேண்டும்.

இயற்கை தரும் சவால்களைப் பயணி விரும்பியே ஏற்கிறார். மனிதர் உண்டாக்கும் ஆபத்தை எவரும் விரும்பி ஏற்பதில்லை. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கோட்டைவாசலுக்கும் புளியரைக்கும் இடைப்பட்ட ‘எஸ்’ வளைவு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள் அவ்வளைவில் திரும்பச் சாலையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்போது, மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர் வேகத்தில், நிலைதடுமாறாமலிருக்கச் சற்றே வளைந்து வளைந்து ஏறும் மிதிவண்டிக்கு எஞ்சுவது தார் விளிம்புக்கு வெளியே உள்ள சரளைக்கல் மட்டுமே. ஏறும் பக்கத்தில் மட்டுமாவது ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கெட்டியான ஓரத்தளம் அமைப்பதும், காலையில் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குக் கனரக லாரிகளைச் சோதனைச்சாவடியில் நிறுத்திவைப்பதும் இங்கு உடனடித் தேவைகள். நேரக் கட்டுப்பாடு நடைமுறைக்கு ஒவ்வாது என்று கூறுவதற்கில்லை: பந்திப்பூரில் 2009 முதலும், திம்பம் மலைப்பாதையில் 2022 முதலும் வனவிலங்குகளின் நலனுக்காக இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே உணர்த்துகிறது. சுவிட்சர்லாந்து 1998-இல் 9 தேசிய மிதிவண்டிப் பாதைகளை நாடு முழுவதும் ஒரே வகையான வழிகாட்டிப் பலகைகளுடன் திறந்தது. பிரான்ஸின் ஆல்ப்ஸ் கணவாய்கள் பலவற்றில் எஞ்சியுள்ள தொலைவையும் அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சாய்வையும் கூறும் கற்கள் கிலோமீட்டர்தோறும் நடப்பட்டுள்ளன. இத்தாலியில் 2,757 மீட்டர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாய் ஆண்டில் ஒரு நாள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டு, மிதிவண்டிகளுக்கு மட்டும் விடப்படுகிறது. இவற்றில் எதுவுமே பெரும் கட்டுமானத்தைக் கோருவதன்று. இருக்கும் சாலையை அறிவோடு பங்கிட்டுக்கொள்வதே இவற்றின் உள்ளடக்கம்.

பயணிகள் பெருகினால் காடு கெடும் என்ற அச்சம் நியாயமானது. செந்துருணி வனவிலங்குச் சரணாலயமும் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகமும் இந்த வட்டத்தை ஒட்டியே உள்ளன. ஆனால் இங்கு முன்மொழியப்படும் பாதை ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலைகளிலேயே செல்கிறது. காட்டுக்குள் ஒரு மீட்டர் புதிய சாலையும் தேவையில்லை. மாலைக்குள் அடிவார ஊர்களில் தங்கிவிட வேண்டும் என்ற கண்டிப்பான விதியைச் சேர்த்தால், யானை நடமாட்டமுள்ள நேரத்தில் எவரும் வழியில் இருக்கமாட்டார்கள். அத்துடன், காரில் வந்து மலையுச்சியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பும் சுற்றுலாவால் பயனடையாத குளத்துப்புழையின் தேநீர்க்கடையும், அம்பாசமுத்திரத்தின் உணவகமும், களக்காட்டின் பஞ்சர் கடையும் மெல்லச் செல்லும் பயணியால்தான் பயனடையும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. இரு மாநிலச் சுற்றுலாத் துறைகளும் இவ்வட்டத்தை ஒரே பெயரில், தமிழிலும் மலையாளத்திலும் அமைந்த பலகைகளுடன் கூட்டாக அறிவிக்க வேண்டும். தொலைவு, சாய்வு, குடிநீர், மழைக்கால அடைப்பு ஆகிய விவரங்களை அப்பலகைகள் தர வேண்டும். 1904-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாக மீண்ட கொல்லம்–செங்கோட்டை வழித்தடத்தின் ரயில்களில், பார்சல் அலுவலகத்தில் காத்துக்கிடக்காமல் மிதிவண்டியைப் பயணியே உடன் கொண்டுசெல்லும் வசதியை ரயில்வே தர வேண்டும். பாறசாலையிலிருந்து காசர்கோடு வரை ஏறத்தாழ 1,250 கிலோமீட்டருக்குக் கேரளம் அமைத்துவரும் மலையோர நெடுஞ்சாலையிலும் ஏற்றப் பக்கங்களில் ஓரத்தளத்தைக் கட்டாயமாக்க வேண்டும். சாலை முடிந்தபின் அகலப்படுத்துவதைவிட இப்போதே சேர்ப்பது செலவு குறைந்தது. ஒரு போட்டிக்காக ஒன்றுகூட முடிந்த அரசுத் துறைகள், பொதுமக்களுக்கான ஒரு பாதைக்காகவும் ஒன்றுகூட வேண்டும்.