குடலும் ஈரலும் மட்டமான கறியா?

இராமநாதபுரம் வெள்ளை ஆடு வளர்ப்போர் வீட்டிலேயே, ஆடு அறுத்த அன்று எல்லோருக்கும் கண் தொடைக்கறியின் மேல்தான். கழுவச் சோம்பிக் குடலைக் கண்மாய்க் கரையில் வீசுவோரும் உண்டு. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்காட்லாந்து மக்கள் செம்மறியின் இதயம், ஈரல், நுரையீரலைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸும் வெங்காயமும் கலந்து, அதன் இரைப்பையிலேயே அடைத்து வேக வைப்பர். 'ஹாகிஸ்' என்னும் இதுவே அவர்களது தேசிய உணவு. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த ஜனவரி 25 விருந்தில் முதல் மரியாதை இதற்கே. நான் சுவைத்ததில்லை, ஆயினும் மிளகு தூக்கலான நம் குடல் குழம்பு அதற்கு இளைத்ததல்ல என்பேன். குடலை வெந்நீரில் முக்கிச் சுரண்டி, உப்பும் மஞ்சளும் தேய்த்துப் பலமுறை அலசினால் வாடை அடங்கும்.

ஈரலிலும் சுவரொட்டியிலும் இரும்புச் சத்து மிகுதி. ஈரலில் வைட்டமின் 'ஏ'யும் ஏராளம். அளவு மீறினால் கருவைப் பாதிக்குமாதலால் கர்ப்பிணிகள் அடிக்கடி உண்ணலாகாது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தெரிந்தால் நாய்க்குப் போடாதீர்கள். அது நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள் மேய்ச்சலில் ஆட்டையும், விளையாட்டில் உங்கள் பிள்ளைகளையும் தொற்றும். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.