வெள்ளானூர் ஏரிக்கரைக்கு வருகிறீர்களா?

சகோதரிகளே,

"நடப்பதற்கென்று தனியாக ஒரு நடையா? விடிந்தது முதல் ராத்திரி வரை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறோமே, அது போதாதா?" என்று உங்களில் பலர் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவள்தான். என்னை ஏரிக்கரையில் நடக்க வைத்தது பறவைப் பிரியமும் அல்ல, டாக்டர் யோசனையும் அல்ல. வீட்டு மனை ஆசை! அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் புறப்படுவோம்.

மின்சார ரயிலில் ஆவடியில் இறங்கி, செங்குன்றம் போகும் சாலையில் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் வெள்ளானூர் வந்துவிடும். வழி நெடுகக் கடைகள், கல்லூரிக் கட்டடங்கள், புது வீடுகள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையும் இந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. "இங்கே இயற்கையாவது, காட்சியாவது!" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். பெரிய சாலையை விட்டுக் கிளைப் பாதையில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் போதும். மார்கழி, தை மாதங்கள் இதற்கு உத்தமம். வாசலில் கோலத்தைப் போட்ட கையோடு கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து சமையலைக் கவனித்துக்கொள்ளலாம்.

முதலில் எதிர்ப்படுவது புதர். முள்ளும் தூசியுமாக நிற்கும் வேலிக்காத்தானைப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய விருந்தாளி. வந்தவள் வீட்டையே தன்னுடையதாக்கிக்கொண்டாள்! அவளுக்கு நடுவே நம் பழைய உறவினர்கள் ஒண்டிக்கொண்டு நிற்பார்கள். மஞ்சள் பூவோடு ஆவாரை, நட்சத்திரம் போல் வெள்ளைப் பூவோடு நுணா, பிறகு நம் பிள்ளையாருக்குப் பிரியமான எருக்கு. இந்த எருக்கஞ் செடியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனால், சந்நிதிக்கு முன்னால் எருக்கந் தூண்கள் இரண்டைக் காணலாம். வேலியோரத்தில் விரல் பருமன் நிற்கிற செடியா இப்படித் தூணாகியிருக்கிறது என்று அதிசயப்படுவீர்கள். தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது என்பது அந்தத் தலத்தின் கதை. முல்லைக் காடாக இருந்த சீமை அம்மா இது!

புதரைத் தாண்டினால் இன்னும் மிஞ்சியிருக்கிற வயல்கள். மாடு மேயும் இடத்தில் அதன் காலடியிலேயே வெள்ளையாக நடந்து போகிறதே, அது உண்ணிக்கொக்கு. மாட்டின் குளம்பு பட்டுக் கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கத்தான் இந்த ஊழியம்! வரப்பில் மண்ணாங்கட்டி மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அருகே போனால் திடீரென்று வெள்ளைச் சிறகை விரித்துப் பறக்கும். அதுதான் மடையான். கம்பியின் மேல் பிளந்த வாலோடு இருப்பது கரிச்சான். "யார் வந்தது, யார் வந்தது?" என்று கேட்பதுபோல் கூவி ஊரைக் கூட்டுவது ஆள்காட்டி. வெறுந் தரையில் முட்டையிடும் பறவையாதலால் அதற்கு அவ்வளவு பதற்றம்.

அதோ, பனைமரத்தில் தொங்குவது தூக்கணாங்குருவிக் கூடுகள். இங்கே சற்று நில்லுங்கள். நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து, பாதி வரைக்கும் தொப்பி மாதிரி கட்டி நிறுத்திவிட்டு, பெண் குருவியைக் கூப்பிடும். அம்மாள் வந்து உள்ளே புகுந்து, அங்கே இங்கே சோதித்துப் பார்ப்பாள். பிடித்தால்தான் மீதிப் பாதி எழும்பும். பிடிக்காவிட்டால் தொப்பி தொப்பியாகவே தொங்க வேண்டியதுதான். இடம் பார்த்து வீடு கொள்ளும் அந்தச் சாமர்த்தியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கரை மேல் ஏறுங்கள்.

இதுதான் ஏரி. தண்ணீரில் முங்கி முங்கி எழுவது முக்குளிப்பான். கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக நீந்துவது நாமக்கோழி. பெயர் வைத்தவர் வாழ்க! அல்லி இலை மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடப்பது இலைக்கோழி. அந்தக் குடும்பத்தில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் தகப்பனார். தாயார் முட்டையிட்டதோடு சரி. அடுத்த மாப்பிள்ளையைத் தேடிப் போய்விடுவாள்! இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

இனி ஏரியையே பாருங்கள். ஏரி என்றால் தண்ணீர் மட்டும் அல்ல. நாம் நிற்கிற இந்த மேடு கரை. கரையின் அடியில் வயலுக்குத் தண்ணீர் விடும் வழி மதகு. ஏரி நிரம்பியதும் மிகுந்த தண்ணீர் வழிந்து போகக் கட்டிய தாழ்வான கல் சுவர் கலங்கல். டம்ளர் நிரம்பி வழியும் காப்பியை டபரா வாங்கிக்கொள்வதுபோல், இந்த ஏரியின் கலங்கல் தண்ணீரைக் கீழே இருக்கும் ஏரி வாங்கிக்கொள்ளும். மழைத் தண்ணீர் ஏரிக்கு வந்து சேரும் பாதை வரத்துக் கால்வாய். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு. அநேகமாக எல்லாவற்றுக்கும் இதே அமைப்புத்தான். ஒன்றைப் படித்துவிட்டால் மற்றவற்றையும் படித்துவிடலாம்.

இப்போது என் மனைக் கதை. வெள்ளானூரில் அல்ல, சென்னைக்கு வேறொரு பக்கத்தில், பல வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். தரகர் ஒருவர் எங்களை அழைத்துப் போய் இடம் காட்டினார். உள்ளங்கை மாதிரி சமதரை! மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக நட்டிருந்தன. "காற்றோட்டமான இடம்" என்றார் அவர். என் வீட்டுக்காரர் முன்பணம் கொடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டுவிட்டார். அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் பக்கத்தில் வந்தாள்.

"ஏம்மா, மனை பாக்க வந்தீங்களா? காலடியிலே கெடக்குற நத்தை ஓட்டைப் பாருங்க. வெறுந் தரையிலே நத்தை எங்கேருந்து வந்திச்சு? தை மாசம் வந்திருந்தீங்கன்னா இங்கே இடுப்பளவு தண்ணி. அதோ தெரியுதே மேடு, அது ரோடு இல்லே, ஏரிக்கரை!"

குனிந்து பார்த்தேன். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எங்கும் நத்தை ஓடுகள். ஓரமெல்லாம் ஊதாப் பூவோடு நெய்வேலிக் காட்டாமணக்கு. தண்ணீர் தேங்கும் இடத்தில் செழிக்கும் செடி அது என்று எனக்கு அன்று தெரியாது. பணம் பையிலேயே தங்கியது.

2015 டிசம்பரில் பெருமழை கொட்டியபோது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். அந்த மனைகளில் வீடு கட்டியவர்கள் குழந்தை குட்டிகளோடு மொட்டை மாடியில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்கு ஒரு பாட்டி கிடைத்தாள், அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏரி மறைவது இப்படித்தான். வற்றிய மாதத்தில் பார்ப்பவர் அதைக் காலி இடம் என்கிறார். மாம்பலத்தில் இருந்த பெரிய ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். இன்றைக்கும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை இருக்கிறது. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை! நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கிறது.

வெள்ளானூருக்கு அண்டையில் உள்ள புழல் ஏரியை நினைத்துப் பாருங்கள். சென்னைவாசிகளின் குழாயில் வரும் தண்ணீரில் அதற்கும் பங்கு உண்டு. கொள்ளளவு 330 கோடி கன அடி. 2019 கோடையில் அதுவே வறண்டு கிடந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். பெரிய ஏரியைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்வோம். சின்ன ஏரியைப் பார்க்க அக்கம்பக்கத்தாரை விட்டால் யார்? வேடந்தாங்கல் கிராமத்தார் தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடாதபடி காக்க, 1798-லேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் உரிமைச் சாசனம் வாங்கி வைத்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் காக்கத் தோன்றும்.

கடைசியாகச் சில யோசனைகள். பளிச்சென்ற புடவை வேண்டாம், பறவைகள் மிரளும். காலை மூடிய செருப்பும், குடிக்கத் தண்ணீரும், கையில் ஒரு கழியும் போதும். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். குழந்தைகளைக் கரையின் சரிவிலும் தண்ணீரிலும் இறங்க விடாதீர்கள். கொண்டுபோன காகிதம், பிளாஸ்டிக் உறை எதையும் அங்கே போட்டு வராதீர்கள். வெள்ளானூர் தூரம் என்றால் உங்கள் பேட்டைக்கு அருகிலுள்ள ஏரிக்குப் போகலாம். ஆவடியிலேயே பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி 2019-ல் நடைபாதை அமைத்துப் பூங்கா திறந்திருக்கிறார்கள். முதியவர்களுக்கு அது சௌகரியம்.

ஆனால் ஒன்று. எந்த ஏரியானாலும் ஒரு முறை போய்விட்டு நிறுத்திவிடாதீர்கள். தையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் இருக்கும்போது மதகையும் கலங்கலையும் காட்டுங்கள். வற்றிய பிறகு, "இதுவும் ஏரிதான், காலி மனை அல்ல" என்று நத்தை ஓட்டை எடுத்துக் கையில் கொடுங்கள். நாளைக்கு அவர்கள் வீடு வாங்கப் போகும் இடத்தில் ஆடு மேய்க்கும் பாட்டி இருப்பாளோ, மாட்டாளோ!

போய்விட்டு வந்து எழுதுங்கள். எந்த ஏரி, என்ன பறவை, கலங்கல் எந்தத் திசையில் என்று மூன்றும் எழுதுங்கள். கலங்கலைக் கண்டுபிடித்தவர்களுக்கு என் விசேஷப் பாராட்டு!