இடிபாடு கொட்டவும் ஓர் இடம் வேண்டும்

2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டம் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்தது. மையித்துக்களை அடக்கிய பின்னர் ஊரெங்கும் எஞ்சியது கல்லும் மண்ணும் தகரமும்தான். அவற்றை எங்கே கொட்டுவதென்று எங்களில் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. நானும் என் கடை இடிபாட்டை உழவு இயந்திரத்தில் ஏற்றி, பின்னாலிருந்த பள்ளக்காணியில் கொட்டினேன். அடுத்த மாரியில் வடிய வழியற்ற வெள்ளம் கடைக்குள் புகுந்து மாச்சாக்குகளை நனைத்தது. யாரைக் குறை சொல்ல?

ஜப்பானின் ககோஷிமா நகருக்கு எதிரே சகுராஜிமா எரிமலை அடிக்கடி சாம்பலைக் கக்குகிறது. சாம்பல் அள்ளுவதற்கென்றே நகர நிர்வாகம் வீடுகளுக்குப் பைகள் வழங்குகிறது. கட்டிக் குறித்த இடத்தில் வைத்தால் வாகனம் வந்து எடுத்துச் செல்லும். வீதியைக் கூட்டவும் தனி வாகனங்கள் உண்டு. கானுக்குள் தள்ளினால் சாம்பல் இறுகி அடைத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கு எரிமலை இல்லை. கடலும் மாரியும் இருக்கின்றன. எனவே வர்த்தகச் சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், மாநகர சபை, பிரதேச செயலகம் ஒன்றாக அமர்ந்து மூன்று விடயங்களை எழுதி வைக்கட்டும்: தண்ணீர் ஓடாத மேட்டுக்காணி எது? லொறி, உழவு இயந்திரக்காரரின் கூலி எவ்வளவு? கல், இரும்பு, உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற் ஆகியவற்றைப் பிரிப்பது யார்?

வீதி திறக்கும் நாளில்தான் கடையும் திறக்கும். மழை வந்த பின் கூரை மேய முடியாது.