ஒரு லிட்டரில் ஐந்து கிராம்!

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பா கேட்பார்: "இவ்ளோ படிச்சு என்ன வேலைடா பார்ப்ப?"

"ஆத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சு, எவ்ளோ மண்ணு இருக்குன்னு எடை போடுற வேலைகூட கெடைக்கலாம்ப்பா" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். "இதுக்கு எதுக்குடா டிப்ளமோ?"

அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

இமாச்சலப் பிரதேசத்தில், சட்லெஜ் நதியில் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம் இருக்கிறது. 1500 மெகாவாட்! 2004-ல் ஆறு எந்திரங்களும் ஓடத் தொடங்கின. ஆனால் இமயமலை ஆறு வெறும் தண்ணீரையா கொண்டுவருகிறது? பனியாறுகள் பாறையை மாவாக அரைக்கின்றன. மழையும் நிலச்சரிவும் மண்ணைத் தள்ளுகின்றன. கீழே படியப் பார்க்கும் துகளை, பாய்ந்து வரும் நீரின் சுழல்கள் மறுபடி மறுபடி மேலே தூக்கிவிடுகின்றன. குடத்துக் கலங்கல் தண்ணீர் ராத்திரியில் தெளியும். ஓடுகிற ஆறு எப்படித் தெளியும்?

அந்த வண்டலில் உள்ள குவார்ட்ஸ், டர்பைன் எஃகையே உப்புத்தாள் போலத் தேய்க்கும். பூமிக்கடியில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கு வண்டல் நீக்கும் அறைகள் கட்டியும், பொடித்துகள் தப்பிவிடுகிறது. அதனால் 5000 பிபிஎம்மைத் தாண்டினால் நிலையத்தை நிறுத்துவது வழக்கம். அதாவது லிட்டருக்கு ஐந்து கிராம். ஒரு டீஸ்பூன் மண்!

அந்த எண்ணைச் சொல்வது யார்? பாட்டில் பிடிக்கிறவன்தான். மேலாக மொண்டால் ஏமாந்துபோவான். பொடி வண்டல் மேல்வரை பரவியிருக்கும். மணலோ அடிப்பக்கம்தான் அதிகம் வரும். பல ஆழங்களில் எடுக்க வேண்டும். வடிகட்டி, உலர்த்தி, எடை போட வேண்டும். வருடத்து மண்ணில் பெரும்பகுதி சில மழைக்கால வாரங்களில் வந்துவிடும். அந்த நாட்களில் அளக்காமல் விட்டால் வருடக் கணக்கே தப்பு.

அணை என்றால் உயரத்தையும் மெகாவாட்டையும் மட்டும் கேட்கிறோம். மண்ணையும் கேட்க வேண்டாமா? பல வருட மழைக்கால அளவு கையில் இல்லாமல் மலையாற்றில் ஒரு கல்கூட வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்று. லேபில் பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிறோமே... நானும் எழுதியிருக்கிறேன். இங்கே போனால் பத்து மார்க். அங்கே போனால் டர்பைன்!

இனி எழுத மாட்டேன். நீங்களும் யோசியுங்கள்.

அப்பா, இதுக்குத்தான் டிப்ளமோ.

— இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு