ஸ்நாப்ஷாட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற இலவச சாப்ட்வேர்களை இன்ஸ்டால் செய்து பார்க்கிறார்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கலாம். எக்ஸ்பியில் மட்டும் ஓடும் பழைய பில்லிங் புரோகிராமையும் ஓட்டலாம். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்! இதைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்கிறோம்.

இதில் எல்லாருக்கும் பிடித்த வசதி ஸ்நாப்ஷாட். ஒரு கிளிக் செய்தால் அந்த நேரத்து நிலை பதிவாகிவிடும். பிறகு வைரஸ் வந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். நல்ல வசதிதான். ஆனால் இதையே பேக்கப் என்று நம்பி இருப்பது ஆபத்து என்பது என் கருத்து.

ஏன் என்று பார்ப்போம். ஸ்நாப்ஷாட் எடுக்கும்போது டிஸ்க் முழுவதும் நகல் எடுக்கப்படுவதில்லை. ஏற்கெனவே உள்ள டிஸ்க் பைல் அப்படியே நிறுத்தி வைக்கப்படுகிறது. அதன்பின் நீங்கள் எழுதுவதெல்லாம் புதிய பைல் ஒன்றில் சேர்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் மெஷின் இயங்கும். ஹார்ட் டிஸ்க் கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். இடம் போதவில்லை என்று ஸ்நாப்ஷாட் போல்டரில் உள்ள பைலை நீங்களே அழித்தால், மெஷின் திறக்காமல் போகலாம். பழைய நிலைக்குத் திரும்பினால், இடையில் போட்ட பில்களும் மறைந்துவிடும்.

ஸ்நாப்ஷாட்டை பேக்கப்பாகப் பயன்படுத்தாதீர்கள் என்று விஎம்வேர் நிறுவனமே தன் சர்வர் சாப்ட்வேருக்கான குறிப்புகளில் சொல்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக 32 வரை எடுக்கலாம், ஆனால் 2 அல்லது 3 போதும். ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை.

அலுவலகங்களில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே செஃப் போன்ற சாப்ட்வேர் மூலம் பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரே ஸ்டோரேஜாக இயங்கும். இதற்கு கிளஸ்டர் என்று பெயர். பழகிப் பார்ப்பதற்காக வீட்டிலேயே மூன்று விர்ச்சுவல் மெஷின்களில் இதை அமைப்பவர்களும் உண்டு.

மூன்று கணக்கப்பிள்ளைகள் ஒரே கணக்கை மூன்று பேரேடுகளில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் லீவில் போனால் கவலையில்லை. திரும்பி வந்ததும் விடுபட்டதைக் கேட்டு எழுதிக்கொள்வார். ஆனால் ஒருவருக்கு மட்டும் கடந்த ஒரு வாரம் அடியோடு மறந்துவிட்டால்? "எழுதிவிட்டேன்" என்று மற்றவர்களிடம் சொன்ன வரவு அவர் பேரேட்டில் இருக்காது. மறந்துவிட்டோம் என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு மெஷினை மட்டும் பழைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பினால் நடப்பது இதுதான். மெஷின் நின்றுபோவதைச் சமாளிக்கத்தான் கிளஸ்டர் இருக்கிறது. மறதியைச் சமாளிக்க அல்ல.

இது கற்பனை அல்ல. மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண் உண்டு. பழைய நிலைக்குத் திரும்பிய சர்வர், கொடுத்த எண்களையே புதிய மாற்றங்களுக்கு மறுபடி கொடுக்கும். மற்ற சர்வர்கள் "இது ஏற்கெனவே வந்தது" என்று விட்டுவிடும். இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வசதி விண்டோஸ் சர்வர் 2012-ல்தான் சேர்க்கப்பட்டது.

அப்படியானால் ஸ்நாப்ஷாட்டே வேண்டாமா? வேண்டும். புது சாப்ட்வேரைச் சோதிக்கும் முன் எடுங்கள். எல்லாம் சரியாக இயங்கினால் ஓரிரு நாளில் விர்ச்சுவல் பாக்ஸ் வழியாகவே நீக்குங்கள். நீக்கும்போது பைல்கள் ஒன்று சேர்க்கப்படுவதால் டிரைவில் காலி இடம் இருக்கட்டும். கிளஸ்டர் வைத்துப் பழகுபவர்கள் எல்லா மெஷின்களையும் நிறுத்திவிட்டு, ஒன்றாக எடுத்து, ஒன்றாகத் திருப்புங்கள். ஒன்று மட்டும் பழுதானால் அதை நீக்கிவிட்டுப் புதிய மெஷினைச் சேருங்கள். மற்றவற்றிடமிருந்து தகவலைப் பெற்றுக்கொள்ளும்.

பேக்கப் என்பது வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது மெஷினை நிறுத்தி, எக்ஸ்போர்ட் செய்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். பில், கடிதம், போட்டோ போன்றவற்றை அடிக்கடி தனியாக காப்பி எடுங்கள். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். உங்கள் கணக்கை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?