வாசலுக்கே போகாமல் வாய்ப்பு வருமா?



மந்தாரக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, நெய்வேலி சுரங்கத்தின் இயந்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்கிறான். பொறியியல் பட்டமும் வாங்குகிறான். பிறகு? பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறான். அல்லது அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேருகிறான். பொறியாளராக உள்ளே போவது ஏன் நமக்கு எட்டாக் கனியாக இருக்கிறது?

1956இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. சுற்றுவட்டார மக்கள் நிலத்தையும் வீட்டையும் கொடுத்து வளர்த்த நிறுவனம். ஆனால் பட்டதாரி பயிற்சிப் பொறியாளர் பணிக்கான தேர்வில் அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்ற 1,582 பேரில் தமிழ்நாட்டினர் வெறும் 8 பேர் என்று 2021இல் தமிழகக் கட்சிகள் கொதித்தெழுந்தன. 2022இல் 299 இடங்களுக்கு 'கேட்' தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை என்று அறிவித்தபோது, முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நிலம் கொடுத்தவர் பிள்ளைக்கு முன்னுரிமை கேட்பது நியாயமான கோரிக்கை. அந்தப் போராட்டம் தொடர வேண்டும்.

ஆனால் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டாமா? நமது தெருவில் பொறியியல் படித்தவர்களில் 'கேட்' எழுதியவர் எத்தனை பேர்?

2022 அறிவிப்பின்படி கேட் மதிப்பெண்ணுக்கு 80, நேர்முகத் தேர்வுக்கு 20. "நம் பெயரைப் பார்த்தாலே ஒதுக்கிவிடுவார்கள்" என்று சொல்லி விண்ணப்பமே போடாத பிள்ளைகள் நம்மிடம் உண்டு. பாரபட்சம் அறவே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மக்கள்தொகையில் 13.4 சதவீதம் இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதமே இருந்தார்கள் என்று 2006இல் சச்சார் குழு எடுத்துக் காட்டியது. ஆனாலும் அந்த 80 மதிப்பெண்ணைத் திருத்துவது கணினி. அதற்கு உங்கள் பெயரும் தெரியாது, தாடியும் தெரியாது! நேர்முகத் தேர்வு என்ற பெயரில் அநீதி நடந்தால் கேட்கவும் வழி இருக்கிறது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று வைத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தகப்பனார் யார், எந்த ஊர் என்று கேட்டு அனுப்பினார்கள். மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தவறு என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்வு எழுதியவனால்தான் வழக்குப் போட முடிந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்!

ஆகவே தயாரிப்பு மூன்றாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். 2021 முதல் மூன்றாம் ஆண்டு மாணவரும் கேட் எழுதலாம். முதல் முறை பழகிக்கொள்ள, அடுத்த முறை வெற்றி பெற.

அடுத்து, சான்றிதழ். தமிழக அரசு 2007இல் தந்த 3.5 சதவீத ஒதுக்கீடு மத்திய அரசு நிறுவனத்தில் செல்லாது. அங்கே உள்ளது 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் 'கிரீமி லேயர்' பிரிவில் வராதவர் என்ற சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில், விளம்பரம் கேட்கும் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்குமா?

பிறகு நேர்முகத் தேர்வு. மேல்மண் எவ்வளவு அகற்றினால் ஒரு டன் பழுப்பு நிலக்கரி கிடைக்கும்? சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ஏன் இரவும் பகலும் இறைக்கிறார்கள்? ஏறத்தாழப் பாதி எடை ஈரமாகவே உள்ள நிலக்கரியை எரிக்கும் கொதிகலன் எப்படி இருக்க வேண்டும்? இவை புத்தகத்தில் படித்து வரும் வெளியூர்ப் பிள்ளையைவிட உங்களுக்கு அல்லவா நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்! ராஜஸ்தானில் பர்சிங்சர், ஒடிசாவில் தலபிரா என்று நிறுவனத்துக்கு வேறு சுரங்கங்களும் உண்டு. "அங்கே போவீர்களா?" என்று கேட்டால் தயங்காதீர்கள். ரியாத்துக்குப் போகத் தயங்காத நாம் ராஜஸ்தானுக்குத் தயங்கலாமா?

பெற்றோர்களே! அழைப்புக் கடிதம் வந்ததும் சிபாரிசுக் கடிதம் தேடி அலையாதீர்கள். "இன்டர்வியூவில் பார்த்துக்கொள்கிறேன்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் தரகரிடம் நகையை விற்றுக் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. இல்லாத தேர்வில் அவர் எதைப் பார்த்துக்கொள்வார்?

ஜமாஅத் நிர்வாகிகளே! ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் மதரஸா கூடத்தைத் திறந்து விடுங்கள். நம் ஊரில் ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எந்தச் சமுதாயத்தவராயினும் அழையுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நம் மகனும் மகளும். ஆங்கிலத்தில் தடுமாறட்டும், தவறாகச் சொல்லட்டும், மறு வாரம் திருத்திக்கொள்ளட்டும். ஒரு விருந்தின் செலவுகூட இதற்கு ஆகாது.

உரிமையைக் கேட்டு வீதியில் நிற்போம். அதே நேரத்தில் தகுதியோடு வாசலிலும் போய் நிற்போம். இரண்டில் ஒன்றை விட்டாலும் இழப்பு நம் பிள்ளைகளுக்குத்தான்!